கராஜில் ஒரு கல்யாணம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு வசதி உண்டு. கல்யாணம் செய்துவைக்கப் பாதிரியாரோ நோட்டரியோதான் வேண்டும் என்பதில்லை. மணமக்கள் தங்களுக்கு வேண்டிய ஒருவரைக் குறிப்பிட்டு அரசிடம் விண்ணப்பித்தால், அந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் அவருக்கு அதிகாரம் கொடுப்பார்கள். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மென்பொருளில் பிழை தேடிச் சம்பாதிக்கும் நான், கர்க்லாண்டில் எங்கள் வீட்டுக் கராஜில் நின்று இரண்டு பெண்களைத் தம்பதியாக அறிவித்தேன்.

அவர்களில் ஒருத்தி எங்கள் வீட்டு அடித்தளத்தில் குடியிருந்தவள். கோயம்புத்தூர்க்காரி. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கும் விவசாய வளாகத்தில் மண்ணைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே எங்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பைபையாக மண் இருந்தது. "ஒரே ஒரு ராத்திரிக்குத்தானுங்க்கா, லேப் பூட்டிட்டாங்க" என்றாள். அன்றிலிருந்து என் கணவர் அவளை மண்காரி என்றே கூப்பிட்டார். பெயர்களை எழுத வேண்டாம் என்பது அவர்கள் விருப்பம். எனவே இங்கும் அவள் மண்காரியாகவே இருக்கட்டும்.

மற்றவள் பஸ்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் ஆறு வயதில் மொன்றியல் வந்தவள். அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். மண்காரி வளாகத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியதும் அவள்தான். ஒரு பனிக்கால மாலையில் கடைசி நிறுத்தத்தில் மண்காரி மட்டும் பஸ்ஸில் இருந்தாள். போனில் தன் அண்ணனிடம் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து ஓட்டுநர் திரும்பாமலே, "தங்கச்சி, அண்ணையோட பேந்து கதைக்கலாம், இப்ப இறங்குங்கோ" என்று சொல்லியிருக்கிறாள். இதை இருவரும் எத்தனையோ முறை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவளுடைய குரலைப் போலவே பேசிக் காட்டுவது மண்காரிதான்.

அவர்களைப் பற்றி மண்காரி என்னிடம் சொன்னது எங்கள் சமையலறையில். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "அக்கா, அந்த பஸ் ஓட்றவங்க இருக்காங்கல்ல, அவங்களத்தான் நான் கட்டிக்கப் போறேன்" என்றாள். முன்னுரையெல்லாம் இல்லை. "அவங்க சாப்பிட வருவாங்களா?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்காரி ஒரு பெரிய டப்பாவில் இறால் பொரியலோடு வந்து இறங்கினாள். எங்கள் வீட்டில் இறால் சாப்பிடுகிறவர் யாருமில்லை. அவளே உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள்.

கனடாவில் இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ கல்யாணம் செய்துகொள்ளும் உரிமை வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகிவிட்டன. அது வந்த சமயத்தில் பஸ்காரி உயர்நிலைப் பள்ளியில் இருந்தாள். தொலைக்காட்சியில் நரைத்த தலையோடு இரண்டு ஆண்கள் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாகச் சொன்னாள்.

"அவை கை கோத்துக்கொண்டு வந்தவை அக்கா. நான் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அப்பா உடன சேனலை மாத்திப்போட்டார். ஆனா நான் பாத்திட்டன்."

இங்கேயே எளிதாகச் செய்துகொள்ளலாம் என்றாலும் மண்காரி காத்திருந்தாள். அங்கேயும் இந்த உரிமை வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் அப்போது வழக்கு நடந்துகொண்டிருந்தது. பட்டம் வாங்கியதும் கோவைக்குத் திரும்பி, கொங்கு நாட்டுச் செம்மண்ணில் வேலை செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அங்கே ஓர் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். பஸ்காரியும் கூட வரச் சம்மதித்திருந்தாள். "மனைவின்னு கூட்டிட்டுப் போகணுங்க்கா. ஃபிரண்டுன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போக என்னால முடியாது" என்றாள். வாதங்கள் நேரலையில் ஓடிய நாட்களில், பரிசோதனைக் குழாய்களுக்கு நடுவே காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்டிருக்கிறாள். எந்த வழக்கறிஞர் நன்றாகப் பேசினார், எந்த நீதிபதி என்ன கேட்டார் என்பதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குச் சொல்வாள். என் கணவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல "இன்னிக்கு எப்படி?" என்பார்.

தீர்ப்பு அந்த அக்டோபரில் வந்தது. நாங்கள் எழுவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. நான் காபி போட இறங்கியபோது மண்காரி கோட்டு மாட்டித் தயாராக நின்றாள்.

"இல்லைன்னுட்டாங்க்கா. பார்லிமென்ட்தான் சட்டம் போடணுமாம்" என்றாள்.

"இன்னிக்கு வேலைக்குப் போகாதேயேன்."

"மண்ணு உறையறதுக்குள்ள சாம்பிள் எடுத்தாகணுங்க்கா. அது தீர்ப்புக்கெல்லாம் காத்திருக்காது."

நான் காரில் கொண்டுபோய் விட்டேன். சென்ட்-ஆனில் கடைசி நிறுத்தத்தில் பஸ்காரியின் வண்டி நின்றுகொண்டிருந்தது. எங்கள் காரைப் பார்த்ததும் அவள் சீருடையோடு இறங்கி வந்தாள். இருவரும் பஸ்ஸின் நிழலில் நின்றார்கள். நான் காரிலேயே இருந்தேன், ஆனால் கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு கேட்டது.

"சரி. அப்ப இஞ்சயே செய்வம்" என்றாள் பஸ்காரி.

"செய்யலாம். முதல்ல கொஞ்சம் அழுதுக்கறேன்."

"அழு. பஸ் எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு."

அவள் அழுதாள். பஸ்காரி தோளைக் கொடுத்து நின்றாள். பிறகு ஒருத்தி வயலுக்கும் ஒருத்தி ஸ்டியரிங்குக்கும் போனார்கள். அன்று முழுவதும் எனக்கு அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. இத்தனை பெரிய ஏமாற்றத்தை வேலை நாளின் நடுவே இவ்வளவு சின்ன இடத்தில் இறக்கி வைத்துவிட்டு நடக்க இவர்களால் எப்படி முடிகிறது என்று யோசித்துக்கொண்டேயிருந்தேன்.

அடுத்த மாதமே நேபாளத்தில் ஒரு ஜோடியின் கல்யாணத்தைப் பதிவு செய்தார்கள் என்று செய்தி வந்தது. "பாருங்க, எல்லையைத் தாண்டினா நடக்குது" என்று மண்காரி போனைக் காட்டினாள். குரலில் பொறாமை இருந்தது. ஆனால் முகம் மலர்ந்துதான் இருந்தது.

கல்யாணத்தை நடத்திவைக்க என்னைக் கேட்டது பஸ்காரி. பிரெஞ்சில் நடத்த வேண்டும் என்றாள். நான் பயந்துபோனேன். என் பிரெஞ்சு பல வருடங்களாக 'போன்ஜூர்', 'மெர்சி', டெபனர் என்கிற தெருமுனைக் கடையில் பால் எங்கே இருக்கிறது என்பதோடு நின்றுபோன பிரெஞ்சு. இங்கிலீஷிலும் செய்யலாம் என்று சட்டம் சொல்கிறதே என்றேன்.

"ஓம், செய்யலாம். ஆனா டிவியில பாத்த அந்தக் கிழவர் ரெண்டு பேருக்கும் பிரெஞ்சிலதான் வாசிச்சவை. எனக்கு அதுதான் வேணும். தமிழிலயும் வாசியுங்கோ, அம்மாவுக்கு விளங்கட்டும்."

கல்யாணம் நடத்துகிறவர் மணமக்களுக்குச் சட்டத்தின் சில பிரிவுகளைக் கட்டாயம் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு நான் சென்ட்-ஆனுக்குப் போவேன். பஸ்காரியின் ஓய்வு நேரத்தில், காலியான பஸ்ஸில், முன் இருக்கையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். அவள் தேநீர் குடித்துக்கொண்டே திருத்துவாள். "உதட்டைக் குவியுங்கோ அக்கா. இன்னும். விசில் அடிக்கிற மாதிரி." ஒரு நாள் குளிரில் காத்திருந்த ஒரு பிரெஞ்சுக்கார மூதாட்டியைப் பஸ்காரி உள்ளே ஏற்றிவிட்டாள். அவர் நான் படித்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார். பஸ்காரி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் எழுந்து வந்து அவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, ஒரு சொல்லை நான் தப்பாக உச்சரித்ததாகச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன் மணமக்களின் பெயர்களை அரசின் இணையதளத்தில் சில வாரம் போட்டு வைப்பார்கள். ஆட்சேபம் உள்ளவர் யாராவது இருந்தால் சொல்லலாம். எனக்குத்தான் கவலை. மொன்றியல் தமிழ்ச் சமூகம் சின்னது. ஒருவர் பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் டோரண்டோ வரை போய்விடும். பஸ்காரியிடம் சொன்னேன்.

"அக்கா, நான் பத்து வருசமா நெத்தியில நம்பர் எழுதின பஸ்ஸைத்தான் ஓடுறன். பாக்கிறவை பாக்கட்டும்."

பார்த்தார்கள். அவளுடைய அம்மாவுக்கு நாலைந்து போன் வந்தது. அம்மா லாசாலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார். முழங்கால் வலிக்காரர், பேச்சில் யாருக்கும் சளைக்காதவர். "எங்கட பிள்ளையின்ர பேரை அரசாங்கம் போட்டிருக்கு. உங்கட பிள்ளையின்ரயையும் போடுவினம், பொறுங்கோ" என்று ஒருவரிடம் சொல்லி வைத்தாராம். அப்பாதான் வாயைத் திறக்கவில்லை. மகளோடு சண்டையும் போடவில்லை. அவள் வீட்டுக்கு வந்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார்.

கோவையிலிருந்து யாரும் வருவதாக இல்லை. மண்காரிக்கு அப்பா இல்லை. அம்மா, "அண்ணன் என்ன சொல்றானோ அதான்" என்று ஒதுங்கிக்கொண்டார். அண்ணன், "அங்க என்னமோ பண்ணிக்க, இங்க சொல்லாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜூன் மாதச் சனிக்கிழமை அன்று கொல்லைப்புறத்தில் மேப்பிள் மரத்தடியில் நாற்காலிகள் போட்டு வைத்திருந்தோம். விருந்தினர் வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் கணவரும், சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த இருவருமாக எல்லாவற்றையும் கராஜுக்குள் இழுத்துப் போட்டார்கள். சாட்சிகளில் ஒருவர் மண்காரியின் ஆய்வகத் தோழி, தாய்லாந்துக்காரி. மற்றவர் பஸ்காரியோடு வேலை செய்யும் ஹெய்ட்டி நாட்டுக்காரர். பனி அள்ளும் மண்வெட்டிகளும் சைக்கிளும் குளிர்கால டயர்களும் ஒரு பக்கச் சுவரோரம் ஒதுங்கின. கராஜ் கதவை முழுக்கத் தூக்கி வைத்தோம், இல்லையென்றால் மூச்சு முட்டும்.

அப்போதுதான் பஸ்காரியின் பெற்றோர் வந்த கார், எங்கள் வீட்டு முகப்பில் நேராகக் கராஜைப் பார்த்தபடி வந்து நின்றது. அம்மா பட்டுச் சேலையோடு, கையில் பூமாலைகளோடு இறங்கினார். அப்பா இறங்கவில்லை.

"அவர் என்னைக் கொண்டுவந்து விடத்தான் வந்தவராம். காருக்குள்ளயே இருக்கப் போறாராம். இருக்கட்டும்" என்றார் அம்மா.

மரத்தடியில் நடந்திருந்தால் அவர் கண்ணில் எதுவும் பட்டிருக்காது. மழையால் அவர் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் காகிதத்தைப் பிரித்தபோது அந்தக் கார்க் கண்ணாடியில் நீர் வழிந்து அவர் முகம் கலங்கித் தெரிந்தது. பிரெஞ்சில் படிக்கத் தொடங்கினேன். உதட்டைக் குவித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும்போது கார் வைப்பர் ஒரு முறை ஓடி நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு முறை. அதன் பிறகு அது நிற்கவேயில்லை. பஸ்காரிக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, மண்காரியின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தமிழில் படித்தேன். மொழிபெயர்ப்பு நானே செய்தது. மணந்துகொண்ட இருவருக்கும் சமமான உரிமைகளும் சமமான கடமைகளும் உண்டு. ஒருவருக்கொருவர் மரியாதையும் உண்மையும் உதவியும் ஆதரவும் தர வேண்டும். சேர்ந்து வாழ வேண்டும். அவரவர் பெயர் அவரவருக்கே. எந்த வீட்டில் வாழ்வது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். குடும்பச் செலவை அவரவர் சக்திக்கு ஏற்றபடி ஏற்க வேண்டும். வீட்டு வேலை செய்வதும் அந்தப் பங்கில் சேரும்.

நான் முடித்ததும் பஸ்காரியின் அம்மா, முதல் நாற்காலியிலிருந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எங்கட கலியாணத்தில ஐயர் சொன்னதில ஒரு சொல்லும் எனக்கு விளங்கேல்ல. இது விளங்குது."

கராஜே சிரித்தது. தாய்லாந்துத் தோழிக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் தனியாக ஒரு முறை சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் நான் இருவரிடமும் சம்மதம் கேட்டேன். பஸ்காரி பிரெஞ்சில் "உய்" என்றாள், உடனே தமிழில் "ஓம்" என்றாள். மண்காரி தலையை மட்டும் ஆட்டினாள். தலையாட்டினால் போதாது, வாயால் சொல்ல வேண்டும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். "சரிங்க" என்றாள், எனக்குப் பதில் சொல்வதுபோல. அதுவே சம்மதமாகவும் ஆயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் என் கணவர் ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் வைத்து, குடை பிடித்துக்கொண்டு காருக்குப் போனார். கண்ணாடி இறங்கியது. தட்டு உள்ளே போனது. காலித் தட்டு திரும்பி வந்தபோது, "சாம்பார் நல்லாயிருக்காம்" என்றார் என் கணவர்.

அந்தக் குளிர்காலத்தில் இருவரும் கோவைக்குப் போனார்கள். ஆய்வு நிலையத்தை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. போன இடத்தில் மண்காரிக்கு வயிற்று வலி வந்து, குடல்வால் அழற்சி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பஸ்காரி அங்கிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டவை. நீங்கள் யாரெண்டு கேட்க, நான் மனைவி எண்டன். ஃபோம் நிரப்பின நர்ஸ் பிள்ளை பேனையை வச்சிட்டு என்னைப் பாத்தது. கோவமெல்லாம் இல்லை, பாவம், அதுக்கு என்னை எங்க எழுதுறதெண்டு தெரியேல்ல. ரத்த சொந்தம் ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டது."

அண்ணனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் பைக்கில் வந்து சேர்ந்தார். பஸ்காரியை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை. கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். டாக்டர் வெளியே வந்து, வழக்கம்போல ஆண்பிள்ளையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவங்ககிட்ட சொல்லுங்க. நான் கையெழுத்துக்குத்தான் வந்தேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மண்காரி அங்கே படுத்திருந்த வாரத்தில், தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லிப் போட்ட மனுக்களையும் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அந்த மாதக் கடைசியிலேயே தாய்லாந்தில் இதே உரிமையைத் தரும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஊருக்குத் திரும்பியிருந்த ஆய்வகத் தோழி, பதிவு அலுவலக வாசலில் ஜோடி ஜோடியாக நின்றவர்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மண்காரி அதை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுக்கையில் கிடந்தபடி பார்த்தாளாம். பார்த்து முடித்துவிட்டு ஆய்வு நிலையத்துக்கு வேலை வேண்டாம் என்று எழுதினாள். உலகத்தில் ஓர் உரிமை முன்னேறுவதும் பின்வாங்குவதும் செய்தித்தாளில் வரும். அதனால் ஒரு பெண் தான் நேசித்த மண்ணை விட்டு வந்தது எதிலும் வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர்கள் திரும்பிய அன்று விமான நிலையத்துக்கு நான் போவதாக இருந்தது. பஸ்காரியின் அம்மா போன் செய்து, "நீங்கள் வர வேண்டாம், இவர் கூட்டிவரப் போயிட்டார்" என்றார். எந்த இவர் என்று புரிய எனக்கு ஒரு கணம் பிடித்தது. தையல் போட்ட வயிற்றோடு வரும் மருமகளுக்காக அவர் பின் இருக்கையில் இரண்டு தலையணை வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். வழியில் பேசியது, சூடு போதுமா என்று ஒரே ஒரு வாக்கியம்: "ஹீட்டர் காணுமோ?"

மண்காரிக்குப் பட்டம் கிடைத்து, இங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது. சோளம் விளையும் வயல்களில் நடக்கிறாள். "இதுவும் நல்ல மண்ணுதானுங்க்கா, என்ன, கொஞ்சம் குளிரும்" என்கிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கிறதா என்று நான் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரித்து வைக்கப்பட்ட இரண்டு பெண்களின் வழக்கில், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழியல்ல, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்ற கருத்தில் நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். கல்யாண உரிமை அதில் இல்லை. ஆனாலும் நம் ஊர் நீதிமன்றம். அதை மண்காரிக்கு முதலில் அனுப்பியவர் அவளுடைய அண்ணன். கீழே, "அவங்களுக்கும் படிச்சுக் காட்டு" என்று எழுதியிருந்தார்.

பஸ்காரிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மண்காரி படித்துக் காட்ட, அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளே போனை வாங்கி, குரல் பதிவில் அவருக்குப் பதில் அனுப்பினாள். "அண்ணை, கேட்டன். நன்றி. ஒருக்கா இஞ்ச வந்து எங்களோட நிண்டிட்டுப் போங்கோவன்." பதில் வர இரண்டு மூன்று நாளானது. விசா எப்படி வாங்குவது என்று கேட்டிருந்தார்.

வரும் ஆகஸ்டில் அவர் வருகிறார். லாசாலில், பெற்றோர் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருவரும் எடுத்திருக்கும் வீட்டின் சின்ன அறைக்குப் பஸ்காரி வெள்ளையடித்து முடித்துவிட்டாள். போன வாரம் அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். கோயம்புத்தூர் ஆட்கள் காலையில் என்ன சாப்பிடுவார்கள், மீன் சேர்ப்பார்களா, புட்டு பிடிக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் தெரிந்ததைச் சொன்னேன். பின்னாலிருந்து ஓர் ஆண் குரல், "காரம் எவ்வளவு எண்டும் கேளும்" என்றது.